கொள்ளாம், சரி… எந்த வரி கொள்ளாம்?

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. அங்கே வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கட்டுரை எழுதும் வகுப்பு எடுக்கிறேன். முதல் நாள் வருடா வருடம் ஒரே மாதிரிதான் போகும். அரைப் பக்கக் கட்டுரை ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுப்பேன். பத்து நிமிடம் படிக்க விட்டுவிட்டுக் கேட்பேன்: "எப்படி இருக்கு?"

"கொள்ளாம் சார்." இது முன் பெஞ்சு.

"வேற?"

"நல்லாருக்கு சார்." "விவசாயத்தைப் பத்திச் சொல்லுது சார்." கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், துணிச்சலைக் காட்டுவதற்காகவே: "போர் சார்."

வெளி மாவட்டத்துக்காரர்களுக்காக ஒரு வார்த்தை. 'கொள்ளாம்' என்றால் நன்றாக இருக்கிறது, பரவாயில்லை, தேறும் என்றெல்லாம் அர்த்தம். மீன்குழம்புக்கும் சொல்லலாம், தம்பி எடுத்த புதுச் சட்டைக்கும் சொல்லலாம், கல்யாணத்துக்குப் பார்த்த வரனுக்கும் சொல்லலாம். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் இத்தனை இடத்தில் பொருந்துகிற சொல்லால் ஒரு கட்டுரையைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட முடியாது. அதனால் அடுத்த கேள்வி வரும்: "கொள்ளாம், சரி. எந்த வரி கொள்ளாம்?"

வகுப்பு சட்டென்று அமைதியாகும். எல்லோரும் தாளைப் பார்த்துக் குனிவார்கள். போர் என்றவனிடமும் அதே கேள்விதான்: "எந்த வரியில போர் அடிக்க ஆரம்பிச்சுது?" அவனும் குனிவான். பாடத்திட்டத்தில் 'விமர்சன வாசிப்பு' என்று கனமாக எழுதி வைத்திருப்பது இந்தக் குனிதலைத்தான்.

விமர்சனம் என்ற சொல்லைச் சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். படம் தேறுமா தேறாதா, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம், 'கிழி கிழின்னு கிழிச்சுட்டான்' என்பதோடு அது முடிந்துவிடுகிறது. அதனால் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள், ஒரு கட்டுரையை விமர்சிக்கச் சொன்னால் கிழிக்க வேண்டும், இல்லாவிட்டால் மாலை போட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எழுத்து வகுப்பில் அதற்கு வேறு வேலை. எழுதியவர் எதை நம்மை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார், அதற்கு எதைக் காட்டுகிறார், எதைக் காட்டாமல் தாண்டிப் போகிறார் என்று பார்க்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும். முடிவில் ஏற்கலாம், மறுக்கலாம், பாதியை ஏற்று பாதியை மறுக்கலாம். மார்க் அந்த முடிவுக்குக் கிடையாது. அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்பதற்குத்தான்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் படித்த காலத்தில், இரண்டாம் ஆண்டில், ஒரு கட்டுரைக்கு எதிர்வினை எழுதச் சொன்னார்கள். எட்டுப் பக்கம் எழுதினேன். அதில் ஆறு பக்கம், கட்டுரையில் இருந்ததையே என் கையெழுத்தில் திருப்பி எழுதியது. மீதி இரண்டு பக்கம் 'ஆசிரியர் மிக அழகாக எடுத்துரைத்துள்ளார்' என்ற ஒரே வாக்கியத்தின் பல வடிவங்கள். பத்துக்கு ஒன்பது கிடைத்தது. கீழே சிவப்பு மையில் 'குட்'. எது குட் என்று இன்றுவரை தெரியாது. யோசித்துப் பார்த்தால் அவரும் என்னிடம் 'கொள்ளாம்' என்றுதான் சொல்லியிருக்கிறார்.

சரி, ஜெராக்ஸுக்கு வருவோம். வகுப்புக்காக நானே எழுதிய பத்தி அது. வேண்டுமென்றே சில ஓட்டைகளை வைத்து எழுதியது. இப்படிப் போகும்:

"ஒரு காலத்தில் நாஞ்சில் நாடு முழுக்கப் பச்சை வயல். கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இரண்டு போகம் விளைந்தது. எங்கள் தாத்தா வரப்பில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்தான். இன்று அந்த வயல்கள் எங்கே? ரப்பர் வந்தது, நெல் போனது. பணத்தாசை பிடித்த விவசாயிகள் எல்லோரும் வயலை அழித்துவிட்டார்கள். ஒரு கிலோ அரிசிக்கு வெளியூர் லாரியை எதிர்பார்த்து நிற்கிறோம். இதற்குப் பெயர் வளர்ச்சியா? நாம் மறுபடி வயலுக்குத் திரும்பினால்தான் இந்த மாவட்டம் பிழைக்கும்."

ஒன்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் எண் போட்டுக்கொள்ளச் சொல்வேன். சின்னப் பிள்ளை வேலை மாதிரித் தெரியும். ஆனால் எண் போட்ட பிறகு யாரும் 'கட்டுரையில் ஒரு இடத்தில்' என்று பேச முடியாது; 'ஐந்தாவது வாக்கியத்தில்' என்றுதான் பேச வேண்டிவரும்.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடக் கூடாது. படித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டு, எழுதியவர் என்ன சொல்கிறார் என்பதை இரண்டே வாக்கியத்தில் உங்கள் மொழியில் எழுத வேண்டும். சுருக்கம் என்று இதைத்தான் சொல்கிறோம். பார்க்க எளிதாக இருக்கும் இந்த வேலையில்தான் பாதி வகுப்பு தடுக்கி விழும். 'இது விவசாயத்தைப் பற்றிய கட்டுரை' என்று எழுதுவார்கள். அது பொருளைச் சொல்கிறது, கருத்தைச் சொல்லவில்லை. நாகர்கோவில் பஸ்ஸில் ஏறியவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், 'பஸ்ஸில் போகிறேன்' என்று சொல்வதுபோல.

இன்னொரு வகைத் தவறு, எழுதியவர் சொல்லாததைச் சேர்ப்பது. 'அரசு விவசாயிகளைக் கைவிட்டதை ஆசிரியர் கண்டிக்கிறார்' என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். அரசு என்ற சொல்லே அந்தப் பத்தியில் இல்லை. அவர் மனதில் இருந்த கோபத்தைக் கட்டுரைக்குக் கடன் கொடுத்துவிட்டார். சரியான சுருக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: 'விவசாயிகள் பணத்துக்காக ரப்பருக்கு மாறியதால்தான் நாஞ்சில் நாட்டில் நெல் வயல்கள் அழிந்தன என்கிறார் ஆசிரியர். மறுபடி வயல் வேலைக்குத் திரும்புவதுதான் மாவட்டத்துக்கு வழி என்பது அவர் முடிவு.' இதை எழுதியவரிடம் காட்டினால், 'ஆமா, இதைத்தான் சொன்னேன்' என்று அவர் தலையாட்ட வேண்டும். தலையாட்ட மாட்டார் என்று தோன்றினால் எதிர்வினைக்குப் போகாதீர்கள், தாளைத் திருப்பி மறுபடி படியுங்கள்.

பீட்டர் எல்போ என்ற அமெரிக்க எழுத்துப் பேராசிரியர் 1973இல் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒரு கருத்தைச் சந்தேகித்துப் பார்ப்பது ஒரு ஆட்டம் என்றால், அதை முழு மனதோடு நம்பிப் பார்ப்பதும் ஒரு ஆட்டம். இரண்டையும் ஆட வேண்டும் என்றார். முதல் வாசிப்பில் நம்பும் ஆட்டத்தை ஆடுவது நல்லது. தாத்தா நின்ற வரப்பில் நீங்களும் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். நம்பிப் பார்க்காமல் நேரே சந்தேகத்துக்குத் தாவினால், கட்டுரையில் இல்லாத ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இனி பென்சில்.

இரண்டாம் வாசிப்பில் மூன்று விஷயங்களைத் தேடச் சொல்வேன். எழுதியவர் நம்மை ஏற்கச் சொல்லும் கருத்து ஒன்று. அதற்கு அவர் காட்டும் சான்று ஒன்று. மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது: இந்தச் சான்றிலிருந்து இந்தக் கருத்துக்கு எப்படி வந்தார் என்பது. ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1958இல் வாதங்களை இப்படிப் பிரித்துக் காட்டினார். அவர் இன்னும் சில உறுப்புகளையும் சொன்னார்; தொடக்கத்துக்கு இந்த மூன்று போதும்.

மூன்றாவதை விளங்கவைக்க எனக்கு மாத்தூர் தொட்டிப்பாலம்தான் கை கொடுக்கும். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் பார்த்தது. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு, பள்ளத்துக்கு மேலே, தொட்டி வழியாகத் தண்ணீர் போகிறது. இந்தக் கரை சான்று, அந்தக் கரை கருத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலத்து மேலே செல்பி எடுத்துக்கொண்டு நடக்கும்போது தூண்களின் நினைப்பே வராது. கீழே பறளியாற்றங்கரைக்கு இறங்கி அண்ணாந்து பார்த்தால்தான், அடேயப்பா, இவ்வளவு உயரத் தூண்களா இதைத் தாங்குகின்றன என்று தெரியும். கட்டுரையிலும் தூண்கள் உண்டு. எழுதியவர் அவற்றை எழுதுவதில்லை. நாம்தான் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும்.

நம் பத்தியில் இறங்குவோம். ஐந்தாவது வாக்கியம்: 'ரப்பர் வந்தது, நெல் போனது.' நாலே சொல். பஞ்ச் டயலாக் மாதிரி இருக்கிறது. வகுப்பில் 'எந்த வரி கொள்ளாம்' என்று கேட்டால் பலர் காட்டுவதும் இதைத்தான். இதைத் தாங்கும் தூண் எது? ஒன்று வந்த பிறகு இன்னொன்று போனால், வந்ததுதான் காரணம் என்ற நம்பிக்கை. அதோடு, ரப்பரும் நெல்லும் ஒரே நிலத்துக்குப் போட்டி போட்டன என்ற நம்பிக்கை. இரண்டையும் எழுதியவர் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் இல்லாமல் அந்த வாக்கியம் நிற்காது.

இங்கேதான் மாவட்டத்தைத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு வசதி. நாஞ்சில் நாடு என்பது பழைய தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள். கிழக்குப் பக்கம், சமதளம், கால்வாய்ப் பாசனம். ரப்பர் பெரும்பாலும் நிற்பது மேற்கே, கல்குளம், விளவங்கோடு பக்கத்து மலைச்சரிவுகளில். சரிவில் நெல் நட மாட்டார்கள், தண்ணீர் தேங்கும் வயலில் ரப்பர் நிற்காது. அப்படியென்றால் முதல் வாக்கியம் கிழக்கைப் பற்றிப் பேசுகிறது, ஐந்தாவது வாக்கியம் மேற்குக்குத் தாவிவிட்டது, ஒன்பதாவது வாக்கியத்தில் 'மாவட்டம்' என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டியாயிற்று. பத்தியின் ஓட்டத்தில் படிக்கும்போது இந்தத் தாவல் தெரியாது. எண் போட்டுப் பார்த்தால் தெரியும்.

உடனே 'கட்டுரை பொய்' என்று எழுதிவிடக் கூடாது. ஒருமுறை குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, "சார், எங்க ஊரு ஏலாவில மண்ணடிச்சு மேடாக்கி ரப்பர் வச்சிருக்கு" என்றான். (ஏலா என்றால் வயல்வெளி.) தோவாளைப் பக்கத்திலிருந்து வந்த பெண், தன் ஊரில் வயல் எல்லாம் தென்னந்தோப்பும் வீட்டு மனையுமாகத்தான் போனது, ரப்பரைக் கண்ணால் பார்த்ததே பஸ்ஸில் கல்லூரிக்கு வர ஆரம்பித்த பிறகுதான் என்றாள். இரண்டு பேரும் சொன்னது உண்மையாக இருக்கலாம். அப்படியானால் நாம் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் கூர்மையாகிறது: ரப்பர் எந்த இடத்தில், எவ்வளவுக்குக் காரணம்? இதற்குப் பத்தியில் என்ன சான்று இருக்கிறது? தேடிப் பாருங்கள். மூன்றாவது வாக்கியத்துத் தாத்தா மட்டும்தான் இருக்கிறார். தாத்தாவின் நினைவு, வயல் இருந்தது என்பதற்குச் சான்று. அது ஏன் போனது என்பதற்குச் சான்றாகாது.

ஆறாவது வாக்கியத்தில் பென்சில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். 'எல்லோரும்' என்பது ஒன்று. எல்லோரும், எப்போதும், ஒருவரும், ஒருபோதும் ஆகிய சொற்களைப் பார்த்தால் வட்டம் போடுங்கள். வயலை வைத்துக்கொண்டிருக்கும் ஒரே ஒரு விவசாயி எதிரே வந்தால் அந்த வாக்கியம் சரிந்துவிடும். 'பணத்தாசை பிடித்த' என்பது இன்னொன்று. இது சான்று மாதிரி வேடம் போட்ட வசவு. கூலி கொடுத்துக் கட்டுபடியாகாமல் விற்றவர், மகள் கல்யாணத்துக்கு விற்றவர், பிள்ளைகள் வெளிநாடு போனதால் பார்க்க ஆளில்லாமல் விட்டவர் எல்லோரையும் ஒரே அடைமொழி மூடிவிடுகிறது. எட்டாவது வாக்கியத்து 'வளர்ச்சி'யைக் கவனியுங்கள். கேள்வி மாதிரி இருக்கிறது, பதில் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அது கேள்வியே இல்லை.

இவ்வளவு சின்னப் பத்தியில் ஒவ்வொரு சொல்லையும் இப்படிப் பிடித்து இழுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். எல்லாக் கட்டுரைக்கும் வேண்டாம்தான். ஆனால் ஒரு சொல் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது.

முதலாம் ராசராசன் மெய்க்கீர்த்தியில் 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்று வரும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கடந்து வந்த தொடர். கலம் என்றால் கப்பல். எனவே சேரனின் கப்பல்களை அழித்தான் என்று அறிஞர்கள் சிலர் பொருள் கொண்டார்கள். ஆனால் உண்ணும் பாத்திரமும் கலம்தான். சாலை என்பது எது? முன்சிறைக்குப் பக்கத்திலுள்ள பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஏற்படுத்திய ஒரு சாலையைப் பற்றி 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடு ஒன்று சொல்கிறது. அதில் 95 சட்டர்களுக்கு இடம். காந்தளூர் முறையைப் பின்பற்றி அமைத்தது என்றும் அந்தச் செப்பேட்டிலேயே இருக்கிறது. சட்டர் என்றால் தங்கிப் படிக்கும் மாணவர்கள். அப்படியானால் காந்தளூரிலும் இருந்தது துறைமுகமா, கல்விச்சாலையா? அங்கே 'அறுத்தது' கப்பலையா, சாப்பாட்டையா? அறிஞர்கள் பல பேர் இதில் மோதியிருக்கிறார்கள். தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் இந்த விவாதத்தில் எழுதியவர். குழந்தைப் பாடல்கள் வழியே மட்டும் அவரை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ஒரு கடற்படை வெற்றி இருந்ததா இல்லையா என்பதே 'கலம்' என்ற மூன்றெழுத்தில் தொங்குகிறது. இந்தக் கதையைச் சொன்ன பிறகு, எந்தச் சொல் என்று நான் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

அடுத்தது எழுதும் வேலை.

எதிர்வினை என்றதும் வருகிற முதல் வடிவம் பெரும்பாலும் இதுதான்: 'இக்கட்டுரை மிகவும் அருமை. விவசாயத்தின் முக்கியத்துவத்தை ஆசிரியர் தெளிவாக எடுத்துரைக்கிறார். விவசாயி இல்லையேல் உலகம் இல்லை. நாம் அனைவரும் விவசாயத்தைக் காப்போம்.' இதை நெல் பற்றிய எந்தக் கட்டுரைக்குப் பின்னாலும் ஸ்டேப்ளர் போட்டு இணைத்துவிடலாம். கட்டுரையைப் படிக்காமலே எழுதலாம். கைடிலும் போனிலும் கிடைப்பது இந்தச் சரக்குதான்.

எப்படி எதிர்வினை செய்யலாம் என்பதற்கு வெளிநாட்டுப் புத்தகம் தேட வேண்டியதில்லை. நன்னூலில் பவணந்தி முனிவர் 'எழுவகை மதம்' என்று ஏழு நிலைகளைச் சொல்கிறார். மதம் என்றால் இங்கே கொள்கை. தமிழ் இலக்கியம் படித்தவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்த பகுதி. பிறர் சொன்னதற்கு உடன்படலாம், மறுக்கலாம், பிறர் கருத்தை ஏற்றுக்கொண்டதுபோல் எடுத்து, பிறகு களையலாம், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலாம், இரண்டு பேர் மாறுபட்டால் ஒரு பக்கத்தைத் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், பிறர் வழியில் சேராமல் தன் கருத்தையே கொள்ளலாம். நூல் எழுதுகிறவருக்குச் சொன்னதுதான். என்றாலும் மாணவருக்கும் அப்படியே பொருந்துகிறது. முக்கியமாக, உடன்படலையும் அவர் ஒரு மதமாக எண்ணியிருக்கிறார் பாருங்கள். உடன்படுவது சோம்பேறித்தனம் இல்லை. எதற்காக உடன்படுகிறேன் என்று காட்டினால் அதுவும் விமர்சனம்தான்.

இந்த ஏழில் புதிதாக எழுதுபவருக்கு நான் சிபாரிசு செய்வது மூன்றாவதை. பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல். எதிராளியின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அவர் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, அப்புறம் சுவரில் விரிசலைக் காட்டுவது. நம்பும் ஆட்டம், சந்தேகிக்கும் ஆட்டம் இரண்டும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன்:

"வயல்கள் குறைந்துவிட்டன என்பதில் ஆசிரியரோடு எனக்கு வேறுபாடு இல்லை. காரணத்தில்தான் தயக்கம். 'ரப்பர் வந்தது, நெல் போனது' என்கிறார். ரப்பர்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ரப்பர் தோட்டம் இல்லாத சுசீந்திரம் பக்கத்தில் வயல்கள் அப்படியே இருக்க வேண்டும். எங்கள் தெருவே முன்பு வயல் என்று அப்பா சொல்வார். இன்று அங்கே நிற்பவை மாடி வீடுகள். எனவே, ஆசிரியர் தொடங்கிய நாஞ்சில் நாட்டைப் பொறுத்தவரை, ரப்பரைவிட வீட்டு மனை பெரிய காரணமாக இருக்கலாம். ஆறாவது வாக்கியத்தில் விவசாயிகளைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று சொல்வதால், அவர்கள் ஏன் விற்றார்கள் என்ற கேள்வியைக் கேட்க இடமில்லாமல் போகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல், திரும்பி வாருங்கள் என்று அவர்களை எப்படி அழைப்பது?"

கவனியுங்கள், ஆசிரியரின் சொற்களை மேற்கோள் போட்டு எடுத்தாயிற்று. எந்த வாக்கியம் என்று காட்டியாயிற்று. 'இருக்கலாம்' என்ற சொல் வந்திருக்கிறது. அதை எழுத மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள், பலவீனமாகத் தெரியும் என்று. கையிலுள்ள சான்று எவ்வளவோ அவ்வளவுதான் குரலும் உயர வேண்டும். இந்த எதிர்வினையிலும் ஓட்டை இருக்கிறது. அப்பா சொன்னார் என்பதும் தாத்தா பார்த்தார் என்பதும் ஒரே தரத்துச் சான்றுதானே? வருவாய்த் துறைக் கணக்கோ வேளாண்மைத் துறைப் புள்ளிவிவரமோ தேடி எடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வரைவில் அதைச் செய்யச் சொல்வேன்.

நன்னூலில் பத்துக் குற்றங்களும் உண்டு. எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. மாணவர் எழுத்தில் நான் அடிக்கடி பார்க்கும் இரண்டு: குன்றக் கூறல், அதாவது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் குறைப்பது (நம் ஐந்தாவது வாக்கியம்). இன்னொன்று சென்று தேய்ந்து இறுதல். ஜோராகத் தொடங்கி, போகப் போகத் தேய்ந்து முடிவது. இன்டர்னல் மார்க்குக்காக முந்தைய நாள் ராத்திரி எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த வியாதியில் சாகின்றன.

பிள்ளைகளுக்கு இன்னொரு தயக்கம் உண்டு, அது எழுத்தைப் பற்றியது இல்லை. "பெரியவங்க எழுதினதை நாம எப்படி சார் தப்புன்னு சொல்ல?" அச்சில் வந்துவிட்டாலே அதற்கு ஒரு மரியாதை. இதற்கு நான் உரையாசிரியர்களைக் காட்டுவேன். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்றே பெருமையாக அழைக்கும் வழக்கம் உண்டு. அதே நூலுக்குப் பின்னால் உரை எழுதிய சேனாவரையர் அந்தப் பட்டப்பெயராலேயே அவரைச் சுட்டி, அவர் சொன்னது இந்த இடத்தில் பொருந்தாது என்று காரணத்தோடு மறுப்பார். பரிமேலழகர் தமக்கு உடன்பாடில்லாத பொருளையும் 'என்று உரைப்பாரும் உளர்' என்று பதிவு செய்வார். மரியாதைக்கும் மறுப்புக்கும் அவர்களுக்குச் சண்டை இருந்ததாகத் தெரியவில்லை. 'ஆசிரியர் முட்டாள்தனமாக' என்று எழுதினால்தான் அவமரியாதை. 'ஐந்தாவது வாக்கியத்துக்குச் சான்று தரவில்லை' என்பதில் என்ன அவமரியாதை?

நண்பன் எழுதிய கட்டுரைக்கு எதிர்வினை சொல்வது இதைவிடக் கஷ்டம். பக்கத்துப் பெஞ்சில் இருப்பவன், மதியம் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடுபவன். அவனிடம், "லேய் மக்கா, கொள்ளாம்" என்று சொல்லிவிட்டுத் தப்பிக்கத்தான் தோன்றும். வகுப்பில் அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். முதலில் அவன் என்ன சொல்ல வந்தான் என்று நீ சொல்ல வேண்டும். அவன் 'ஆமா' என்ற பிறகு, எந்த வாக்கியத்தில் உனக்கு வழி தவறியது என்று மட்டும் சொல்ல வேண்டும். நல்லது கெட்டது தீர்ப்பு வேண்டாம். 'இங்க எனக்குப் பிடிபடல' என்பதைக் கேட்டு யாருக்கும் கோபம் வராது. பெரும்பாலும், 'ஐயோ, அங்க ஒண்ணு எழுத விட்டுட்டேன்டே' என்று அவனே சொல்லிவிடுவான்.

நீங்கள் தனியாக வீட்டில் பழக நினைத்தால் நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரை ஒன்றே போதும். ஒரு நாளைக்கு ஒன்று. எண் போடுங்கள், கவிழ்த்துவைத்து இரண்டு வாக்கியம் எழுதுங்கள், அப்புறம் பென்சில். உங்களுக்கு ஏற்கெனவே உடன்பாடான கருத்துள்ள கட்டுரையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அங்கேதான் தூண்கள் கண்ணில் படவே படாது.

கடைசியாக, போன வருட வகுப்பில் நடந்தது. பத்தியை அலசி முடித்து, ரப்பர், தாத்தா, எல்லோரும், வளர்ச்சி என்று நான் வைத்த நாலு ஓட்டைகளையும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கும் திருப்தி. தாள்களை மடிக்கச் சொல்லும் நேரத்தில், அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"சார், ஒன்பதாவது வாக்கியம்."

"சொல்லும்மா."

"'நாம் மறுபடி வயலுக்குத் திரும்பினால்'னு இருக்கு. திரும்பணும்னா முதல்ல அங்க நமக்கு எடம் இருந்திருக்கணும்லா சார்? எனக்க பாட்டி நடவு நடப் போனது வேற ஆளுக்க வயலில. வயல் போனப்ப அவங்களுக்குக் கூலிதான் போச்சு. எங்க அம்மா முந்திரி ஆபீசுக்குப் போயி என்னைப் படிக்க வச்சா. இதுல 'நாம்'னா யாரு சார்? நான் எங்க திரும்ப?"

மூன்றாவது வாக்கியத்துத் தாத்தா வரப்பில் நின்றார் என்றுதான் நான் எழுதியிருந்தேன். வயலுக்குள் சேற்றில் நின்றவர்கள் யார் என்று எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை. அது நான் வைத்த ஓட்டை இல்லை.

அதையே எதிர்வினையாக எழுதி வரச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தாள். 'நாம்' என்ற சொல்லுக்கு மூன்று இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தாள். பத்தியை நான் இன்னும் திருத்தவில்லை. இந்த வருட பேட்சுக்கும் அதே ஜெராக்ஸ்தான்.